பூட்டில்லாத ஆறு படுக்கைகள்

நியூசிலாந்தின் மலைகளிலும் காடுகளிலும் அந்நாட்டு அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை 950-க்கும் மேற்பட்ட குடில்களை வைத்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு கிடையாது. காவலாளி இல்லை, சாவி வாங்க அலுவலகம் இல்லை, தொலைவில் இருக்கிற குடில்களுக்கு முன்பதிவும் இல்லை. நடந்து போய்ச் சேர்ந்தவர் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு உள்ளே நுழையலாம். வனத்துறை விடுதியில் ஓர் இரவு தங்க யார் யாரிடமோ கடிதம் வாங்கிப் பழகிய நமக்கு இது சட்டென்று நம்பக்கூடியதாக இல்லை. அதனால்தானோ என்னவோ, இந்தக் குடில்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வியந்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இந்த ஏற்பாடு நல்லதுதானா, யாருக்கு நல்லது, செலவு யார் தலையில் விழுகிறது, இனியும் இப்படியே விட்டுவைக்கலாமா என்று கேட்பவர்கள் குறைவு.

இவற்றில் பல மலையேறிகளுக்காகக் கட்டப்பட்டவை அல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வௌவாலைத் தவிர நிலத்துப் பாலூட்டி எதுவும் இயற்கையாக இல்லாத அந்தத் தீவுகளில், வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஐரோப்பியக் குடியேறிகள் 19-ம் நூற்றாண்டின் நடுவில் செம்மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அடித்துத் தின்ன ஒரு விலங்கும் இல்லாததால் மான் கூட்டம் பெருகியது. இளஞ்செடிகள் மொட்டையாயின. காடு அழிந்தால் சரிவு அரிக்கும், சரிவு அரித்தால் கீழே இருக்கிற பண்ணை நிலம் மண்மூடிப் போகும் என்ற பயம் வந்தது. 1930 வாக்கில் மான்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு நீங்கியது. அரசே கூலி கொடுத்து மான் சுட ஆள் வைத்தது. 1956-ல் அந்த வேலை வனத்துறையின் கைக்கு மாறியதும் கட்டுமானம் சூடுபிடித்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான குடில்கள், நடைபாதைகள், கம்பிப்பாலங்கள். குடிலுக்கு ஏறக்குறைய ஒரே வரைபடம்தான்: மரச்சட்டம், நெளிதகரக் கூரை, தகரச் சுவர், ஒரு பக்கம் புகைபோக்கி, நான்கோ ஆறோ படுக்கை. பலவற்றுக்கு வெளியே ஆரஞ்சு வண்ணம் அடித்தார்கள், மூடுபனியிலும் கண்ணில் படட்டும் என்று.

இந்த வரலாற்றில் நான் முக்கியமாக எண்ணுவது இடத் தேர்வு. காட்சிக்காக ஒரு குடில்கூட வைக்கப்படவில்லை. மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பு, இரண்டு ஓடைகள் சேரும் மேடு, பள்ளத்தாக்கின் தலைமாட்டில் காற்று படாத மூலை என்று, நனைந்த ஆள் ஒருவன் இரவில் எங்கே ஒதுங்க நினைப்பானோ அங்கே வைத்தார்கள். ஒரு குடிலிலிருந்து அடுத்ததற்கு பெரும்பாலும் ஒரு நாளைக்குள் நடந்துவிடலாம். அழகை உத்தேசிக்காததால் அவை உல்லாச விடுதிகளாக மாறவில்லை, புகலிடமாகவே நின்றன. பிற்காலத்தில் முகட்டில் உட்கார்ந்து பனிமலையைப் பார்க்கவென்று கட்டிய பெரிய குடில்களை இவற்றோடு வைத்துப் பார்த்தால் வேற்றுமை தெரியும். ஆவோராகி மவுண்ட் குக் பூங்காவில் 1800 மீட்டர் உயரத்தில் இருக்கும் முல்லர் குடிலுக்கு 28 படுக்கை. 2003-ல் எட்மண்ட் ஹிலாரி திறந்துவைத்தது. காட்சி அபாரம். ஆனால் அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் வானிலை நன்றாக இருப்பதால் போகிறவர்கள், வானிலைக்குத் தப்ப ஒதுங்குகிறவர்கள் அல்லர்.

மான் வேட்டைக்காரர்களைச் சுற்றி ஒரு காவியமும் எழுந்தது. 1960-ல் வந்த பேரி கிரம்ப்பின் 'எ குட் கீன் மேன்' என்ற புத்தகம் அந்தக் காட்டு ஆண்மையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் காவியத்தை நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன். சுட்டதற்குச் சாட்சியாக வாலையோ தோலையோ காட்டித் தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வாங்கி, மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்த இளைஞர்கள் அவர்கள். 1960-களில் இறைச்சி ஏற்றுமதிக்காக ஹெலிகாப்டரிலிருந்து மானைச் சுடும் தொழில் தொடங்கியதும் அவர்களுக்கு வேலை போயிற்று. குடில்கள் மட்டும் மிஞ்சின. 1987-ல் இயற்கைப் பாதுகாப்புத் துறை பிறந்தபோது இந்தச் சொத்தெல்லாம் அதன் பெயருக்கு வந்தது. நோக்கம் போன பிறகும் சரியாக இயங்குகிற ஒரு வலைப்பின்னலைத்தான் அது சுவீகரித்தது.

நோக்கம் போன பிறகும் நிற்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஐவரி ஏரிக் குடில். தென் தீவின் மேற்குக் கரையில், வைட்டாஹா ஆற்றின் தலைப்பகுதியில் இருக்கிறது. இது மான் வேட்டைக்காகக் கட்டியது அல்ல, பக்கத்துப் பனியாற்றை அளந்து ஆராய 1970 வாக்கில் வைத்தது. பனியாறு சுருங்கச் சுருங்க அதன் இடத்தில் ஏரி பெருகியது. ஆராய்ச்சி முடிந்தது. ஆறு படுக்கைக் குடில் அப்படியே நிற்கிறது. மலைநடைக்காரர்களிடையே அதற்குப் பெரிய பெயர். போய்வர நான்கைந்து நாள் ஒதுக்க வேண்டும். நல்ல பாதை ஓரளவுக்குத்தான் வரும். அதற்குப் பிறகு பாறாங்கற்கள், புதர், செங்குத்தான மலைவிளிம்பு. மழையோ, சொல்ல வேண்டாம். அதே மலைத்தொடரில் உள்ள கிராப் ஆற்றுப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, சிரபுஞ்சிக்கு நிகர். காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை மத்தியானம் பாறையை உருட்டிக்கொண்டு வரும்.

குடில்களுக்கு எதிரான மிக வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. அதை முதலிலேயே எதிர்கொள்ளாத புகழ்ச்சி எனக்கு ஏற்பில்லை. குடில் உயிரைக் காக்கிறது என்கிறோம். அதே குடில் ஆளை இழுக்கவும் செய்கிறது. கூடாரம் இல்லாமல் வந்தவர், மாலை நான்கு மணிக்கு வெள்ளம் போகும் ஓர் ஆற்றின் இக்கரையில் நிற்கிறார். அக்கரையில் அரை மணி நடந்தால் காய்ந்த படுக்கை, அடுப்பு, கூரை. இக்கரையில் நனைந்த காடு மட்டும். 19-ம் நூற்றாண்டில் ஆற்றில் மூழ்கிச் சாவதையே 'நியூசிலாந்துச் சாவு' என்று அந்த நாட்டில் சொன்னார்கள். இன்றைக்கும் மலைநடைச் சாவுகளுக்கு முக்கியக் காரணங்களில் ஆறு கடப்பதும் ஒன்று. குடிலே இல்லாமல் இருந்தால் அந்த ஆள் கூடாரத்தோடு வந்திருப்பார், இக்கரையிலேயே இரண்டு நாள் கிடந்திருப்பார் என்று சொல்பவர்களுக்கு என்ன பதில்?

ஒரு பாதிப் பதில் உண்டு. அதே குடில், உள்ளே போய்விட்டவரைக் காத்திருக்க வைக்கிறது. வெள்ளம் வடியும் வரை இரண்டு நாள் உலர்ந்து படுத்திருப்பவருக்கு அவசரம் வராது. கூடாரத்துக்குள் ஊறிக்கிடப்பவருக்குத்தான் அவசரம் வரும். அப்படியென்றால் குடிலின் நன்மை உள்ளே இருப்பவருக்கு, தீமை இன்னும் வந்து சேராதவருக்கு. இது குடிலின் குற்றம் ஆகாது, அதை நம்பி வருகிற விதத்தின் குற்றம். குடில் இருக்கிறது என்பதற்காகக் கூடாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர், அந்தக் குடிலைச் சேர்ந்தே ஆக வேண்டிய ஆளாகிவிடுகிறார். மீதிப் பாதிக்குப் பதில் துறையிடம்தான் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

குடில்களே வேண்டாம் என்கிற கட்சியும் அங்கே உண்டு. அதைக் கிறுக்கு என்று தள்ள முடியாது. ரௌகுமாரா, டாஸ்மன், ஆடம்ஸ் போன்ற இடங்களைச் சட்டப்படி வன்காட்டுப் பகுதிகளாக அறிவித்து, அங்கே குடில், பாதை, பாலம் எதுவும் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். மனிதன் தன் வசதியை எல்லாவற்றின் மேலும் போட்டுவிடக் கூடாது என்ற கொள்கை. அந்தக் கொள்கையை மதிக்கிறேன். ஆனால் அது ஒரு சில இடங்களுக்கு என்று ஒதுக்கி வைத்ததாலேயே மதிப்புப் பெறுகிறது. எல்லா மலைக்கும் அதையே விதித்தால், மூன்று கிலோ கூடாரமும் பத்து நாள் சோறும் சுமக்கிற வலுவும் அனுபவமும் உள்ளவர்களுக்கு மட்டுமே மலை என்றாகிவிடும். அது காட்டுக்குச் செய்யும் மரியாதையாக இருக்காது, ஒரு சங்கத்தின் உறுப்பினர் விதியாகப் போய்விடும்.

சரி, உள்ளே எப்படி இருக்கிறது? வாசலில் காலணிகளை ஆணியில் தொங்கவிட்டிருப்பார்கள், அல்லது கையோடு உள்ளே எடுத்துப் போயிருப்பார்கள். கீயா என்ற மலைக்கிளி தோலையும் ரப்பரையும் கிழித்துப் பார்ப்பதில் கெட்டி. உள்ளே சுவரோரம் இரண்டு தட்டுப் படுக்கை, பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தை, சன்னலடியில் தகரம் பதித்த சமையல் பலகை, கூரைத் தண்ணீர் இறங்குகிற தொட்டி, மெழுகு சொட்டிய பழைய புட்டிகள், எலி தின்ற பத்திரிகைகள். வெளியே சற்றுத் தள்ளிக் குழிக் கழிப்பறை. அடுப்புப் பக்கத்தில் பிளந்து அடுக்கிய சுள்ளியும் விறகும். கடைசியாகத் தங்கியவர் அடுத்து வருபவருக்காக வைத்துவிட்டுப் போனவை அவை. நனைந்த கையோடு வருகிறவர் முதல் காரியமாக விறகு பிளக்க வேண்டியதில்லை. சட்டத்தில் எங்கும் இல்லாத இந்த வழக்கம் பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படுகிறது. நாற்பது பேர் தங்கும் குடிலில் அது நடக்காது. அங்கே எரிவாயு வைத்து ஊழியரும் வைத்தாக வேண்டும்.

மேசை மேல் ஒரு குடிலேடு இருக்கும். பெயர், தேதி, எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம், வானிலை. இரவு தங்காமல் கடந்துபோகிறவரும் எழுத வேண்டும் என்பது வழக்கம். யாராவது திரும்பி வரவில்லையென்றால் தேடும் குழு முதலில் புரட்டுவது இதைத்தான். அவர் எந்தக் குடில் வரை வந்தார், எந்தப் பக்கம் போனார் என்று தெரிந்தால் தேடவேண்டிய பள்ளத்தாக்குகள் பாதியாகக் குறையும். ஏட்டில் தேதிகளுக்கு இடையே மாதக்கணக்கில் இடைவெளி விழுவதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பேருக்காகவா அரசுப் பணம் என்று கேட்கிறவர்களும் உண்டு.

அந்தக் கேள்வி நியாயமானது. வரி கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஐவரி ஏரிக்குப் போகப் போவதில்லை. முழங்கால் வலிக்காரர், சக்கர நாற்காலியில் இருப்பவர், நான்கு நாள் விடுப்பு கிடைக்காதவர் எவருக்கும் அது எட்டாது. பொதுப்பணம் செலவாகிற இடம் எல்லாருக்கும் ஒரே அளவு எளிதாக எட்ட வேண்டும் என்ற விதியை நான் ஏற்கவில்லை. எல்லாருக்கும் எட்டுவதும் அந்த வலைப்பின்னலுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவே. சாலையிலிருந்து ஒரு மணி நேரத்தில் சேரக்கூடிய குடில்கள் அங்கே ஏராளம். அதோடு, மின்சாரமும் ஊழியரும் இல்லாத ஆறு படுக்கைக் குடிலின் தேவைகள் என்ன? கூரைக்கு வண்ணம், புகைபோக்கி மாற்றுவது, கழிப்பறைக்குப் புதுக் குழி, சாமான் ஏற்றிவர எப்போதாவது ஒரு ஹெலிகாப்டர். அவ்வளவுதான்.

ஆனாலும் ஒரு காலத்தில் இவற்றில் பலவற்றைக் கைவிடவும் பிரித்தெடுக்கவும் துறை கிளம்பியது. அதற்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருந்தது. 1995 ஏப்ரல் 28 அன்று, பாப்பரோவா தேசியப் பூங்காவின் கேவ் கிரீக்கில், துறை அமைத்திருந்த பார்வைமேடை சரிந்து 14 பேர் இறந்தார்கள். 13 பேர் மாணவர்கள், ஒருவர் துறையின் அலுவலர். போல்ட் போட வேண்டிய இடத்தில் ஆணி அடித்திருந்தார்கள். பொறியாளர் வரைபடம் இல்லை, கட்டட அனுமதி இல்லை. பணமும் ஆளும் போதாத ஒரு துறை, இருப்பதை வைத்துச் சமாளிக்கிற பழக்கத்தில் செய்துவைத்த வேலை என்று விசாரணை ஆணையம் கண்டது. அதன் பிறகு காட்டில் உள்ள ஒவ்வொரு பாலமும் மேடையும் குடிலும் சோதனைக்கு உள்ளாயின. பழைய குடில்களைத் தரத்துக்குக் கொண்டுவருவதைவிடக் கழித்துவிடுவது எளிதாகத் தெரிந்தது.

மேற்குக் கரைக்காரர்கள் எதிர்த்தார்கள். பர்மோலட் (மரங்களில் அறைந்து வழிகாட்டும் மெல்லிய தகட்டின் பெயர் அது) என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு குழு தன் கைப்பொறுப்பில் குடில்களைச் செப்பனிடத் தொடங்கியது. பிற்பாடு மலைச் சங்கங்களின் கூட்டமைப்பும் மான் வேட்டைக்காரர் சங்கமும் மலைச் சைக்கிள் பாதை அமைப்பும் 2014-ல் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு, இன்று பேக்கன்ட்ரி டிரஸ்ட் என்ற பெயரில் நடக்கிறது. துறை பணம் தருகிறது, தொண்டர்கள் உழைக்கிறார்கள். இதைப் பாராட்டாதவர் இல்லை. நானும் பாராட்டுவேன், ஆனால் ஒரு கை குறைத்தே. கேவ் கிரீக்கின் பாடம் நல்லெண்ணம் போதாது என்பதுதான். அங்கே ஆணி அடித்தவர்களுக்கும் நல்லெண்ணம் இருந்தது. தொண்டர் கட்டினாலும் துறை கட்டினாலும் குடிலின் மரச்சட்டத்தை விவரம் தெரிந்தவர் ஒருவர் தட்டிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சோதிக்கிற கடமையை அரசு வைத்துக்கொண்டு உழைப்பை மட்டும் தொண்டர்களிடம் விட்டால் இது நல்ல ஏற்பாடு. சோதனையையும் அவர்கள் தலையில் கட்டினால், அரசு கைகழுவுவதற்குக் கிடைத்த அழகான சாக்கு.

இனி முன்பதிவு. மில்ஃபர்ட் பாதையில் பருவகாலத்தில் வழிகாட்டி இல்லாமல் தாமாக நடக்கிறவர்கள் நாளொன்றுக்கு 40 பேர்தான். மூன்று இரவு, மூன்று குடில், ஒரே திசை, 53.5 கிலோமீட்டர். பதிவு திறந்த சூட்டோடு இடம் தீர்ந்துவிடும். அந்த அளவு கூட்டத்துக்கு வேறு வழியில்லை. உயரத்தில் இருக்கும் குடில்களில் மனிதக் கழிவைக்கூட ஹெலிகாப்டரில் இறக்க வேண்டியிருக்கிறது. தலையை எண்ணாமல் விட முடியாது. முதலில் வந்தவருக்கே படுக்கை என்ற பழைய முறையும் புனிதமானது அல்ல. விடியுமுன் கிளம்பி ஓட்டமாக ஓடுகிறவருக்குப் படுக்கை, குழந்தையோடு மெல்ல வருகிற தாய்க்குத் தரை என்று அது முடிவதுண்டு. 2011-ல் நாட்டின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை ஏறத்தாழ 3000 கிலோமீட்டருக்கு டெ அராரோவா பாதை திறந்ததும் வழியில் இருந்த சில சிறு குடில்கள் திணறின.

ஆனால் தொலைவுக் குடிலுக்கு முன்பதிவைக் கொண்டுபோனால் நன்மையைவிடத் தீமைதான் கூடும். தேதி குறித்த சீட்டு ஆளை மழையில் தள்ளும். மாதக்கணக்கில் காத்திருந்து, விமானச் சீட்டும் எடுத்து வந்தவர், 'இன்றைக்கு ஆறு சரியில்லை, நாளை பார்க்கலாம்' என்று எளிதில் சொல்லமாட்டார். நாளைக்கான படுக்கை வேறொருவருடையது. முன்பதிவு இல்லாத குடிலுக்கு நாளையும் போகலாம், நாளை மறுநாளும் போகலாம். வானிலையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிற இடத்தில் நாட்காட்டிக்கு அதிகாரம் கொடுப்பது ஆபத்து.

பிற நாடுகள் என்ன செய்கின்றன என்பதும் இதற்கு உதவும். சுவிஸ் ஆல்பைன் கிளப் 1863-ல் தொடங்கியது. அதே ஆண்டில் டோடி மலையில் முதல் குடிலைப் போட்டது. இன்று அதன் கீழ் ஏறக்குறைய 150 குடில்கள். நிர்வகிக்கிறவர் இருப்பார், சூடான சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கும், படுக்கையைச் சொல்லிவைக்க வேண்டும். சுகமான முறை. இருந்தும் அவற்றில் பலவற்றில், நிர்வாகி கீழே இறங்கிவிட்ட குளிர்காலத்திலும் திறந்தே கிடக்கிற ஓர் அறை உண்டு, அடுப்பும் கம்பளியுமாக. எவ்வளவு வசதி கூட்டினாலும் பூட்டாத ஓர் அறையை விட்டுவைக்காமல் அவர்களாலும் முடியவில்லை. நார்வேயில் 1868-ல் தொடங்கிய மலைநடைச் சங்கம் வேறு வழி கண்டது. உறுப்பினர்களுக்கு ஒரே மாதிரிச் சாவி, குடிலுக்குள் மளிகைச் சாமான் அடுக்கிய அறை, எடுத்ததற்குக் கணக்கெழுதிப் பணம் செலுத்தினால் போதும். மனிதரை நம்புகிற முறைதான், சந்தேகமில்லை. ஆனால் சாவி இல்லாமல் பனிப்புயலில் மாட்டிக்கொண்டவருக்கு அந்த நம்பிக்கையால் என்ன பயன்? இந்த ஓர் இடத்தில், தங்கியதற்கான கட்டணத்தைக் கொடுக்காமல் போகிறவர்களால் நட்டம் வந்தாலும், நியூசிலாந்தின் திறந்த கதவே மேல் என்பேன்.

ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறவர்களைப் பற்றிய சச்சரவும் உண்டு. மூன்று நாள் நடந்து வந்தவர் முன்னால் இருபது நிமிடத்தில் பெட்டியோடு ஒருவர் வந்திறங்கினால் எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த எரிச்சலை அறம் என்று உயர்த்திக்கொள்ளக் கூடாது. நடந்து வந்தவர் படுத்திருக்கும் குடிலின் பலகையும் தகரமும் வானத்திலிருந்து வந்தவையே. வாகனம் தவறில்லை. படுக்கை ஆறே இருக்கிற இடத்தில், நடந்து வந்துகொண்டிருக்கிறவரின் ஒதுங்குமிடத்தைக் காட்சிக்காக வந்தவர் பிடித்துக்கொள்வதுதான் தவறு. சாமானுக்கும் மீட்புக்கும் ஹெலிகாப்டர் வரட்டும். சிறு குடில்களில் இரவு தங்கவென்று ஆளை இறக்குவதற்கு அனுமதி தரக் கூடாது.

தொலைவுக் குடில் சிறியதாக, பூட்டில்லாமல், முன்பதிவில்லாமல் இருக்கிறபடியே இருக்கலாம் என்பது என் தீர்ப்பு. கூட்டம் சேர்ந்தால் அதைப் பெரிதாக்கக் கூடாது, கூட்டத்தைச் சாலைக்குப் பக்கத்திலிருக்கிற பெரிய குடில்களுக்குத் திருப்ப வேண்டும். இத்தோடு விட்டால் முன்பு பாதியில் நிறுத்திய ஆற்றங்கரைக் கேள்வி அப்படியே நிற்கும். ஓர் ஆற்றின் அக்கரையில் குடிலை வைத்து, வரைபடத்திலும் குறித்து, அதற்குப் பெயரும் சூட்டிய துறை, ஆளை அழைத்துவிட்டது. அழைத்தவர் ஆற்றுக்கும் பொறுப்பு. மூன்று கம்பிப் பாலமோ, கையால் சுழற்றி இழுக்கிற கம்பித் தொட்டிலோ போதும். அந்தப் பள்ளத்தாக்குகளில் பலவற்றில் ஏற்கெனவே இருப்பவைதான். எல்லா ஓடைக்கும் வேண்டியதில்லை, மழையில் தாண்டவே முடியாமல் போகிற முதன்மை ஆறுகளுக்கு மட்டும். அதுவும் செய்ய முடியாத இடமென்றால் குடிலை அக்கரையிலிருந்து இக்கரைக்கு மாற்றிக் கட்டலாம். துறைக்குக் கையில் இருப்பது ஒரு செலவுக்கான பணம்தான் என்றால், மக்கள் மொய்க்கும் ஏரிக்கரைக் குடிலில் இன்னும் எட்டுப் படுக்கை கூட்டுவதைத் தள்ளிப்போட்டுவிட்டு, அந்தக் கம்பியை முதலில் இழுத்துக் கட்டட்டும்.